எண்ணூரிலிருந்து ஜெனீவாவுக்கு: கள ஆய்வைச் சர்வதேசக் கொள்கை மேசையில் சேர்க்கும் வழி

எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிப்பவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்துக்குள் வந்து சேர்ந்தபோது ஆய்வு பாதியில் இருந்தது. அதற்கு முந்தைய மாதங்களின் வருமானக் கணக்கும் பிந்தைய மாதங்களின் கணக்கும் என்னிடம் இருந்தன. அப்படி ஒரு கணக்கு யாரிடமும் எளிதில் கிடைக்காது. ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்காக அறிக்கை எழுதும் சிறப்பு அறிக்கையாளர் ஒருவர் கருத்துக் கேட்டிருந்த நேரம் அது. என் ஆய்விலிருந்து 43 பக்கத்தை அப்படியே இணைத்து அனுப்பினேன். அவர்கள் கேட்டிருந்தது 2,000 சொற்கள். பதிலும் வரவில்லை; அறிக்கையில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த ஆண்டு வேறொரு அழைப்புக்கு ஐந்து பக்கம் அனுப்பினேன். அது ஏற்கப்பட்டு இணையத்தில் வெளியானது. இரண்டு முயற்சிக்கும் நடுவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ மணலியிலோ உட்கார்ந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த ஓராண்டு மிச்சமாக வேண்டும்.

1. ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி எழுதுங்கள்

வாய்மொழித் தேர்வில் “இதில் புதிதாக என்ன கண்டீர்கள்?” என்று கேட்பார்கள். கொள்கை வகுப்பவர் கேட்பது வேறு: “யார், எதை, எப்போது மாற்ற வேண்டும்?” இந்த இரண்டாவது கேள்விக்கு உங்கள் ஆய்வின் எந்தப் பகுதி பதில் சொல்கிறது என்று பாருங்கள். என் ஆய்வேட்டில் ஆறு இயல்கள். அதில் பயன்பட்டது ஓர் இயலின் பாதி: கசிவுக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் தயாரிக்கும்போது, படகே இல்லாமல் முழங்கால் தண்ணீரில் கையால் இறால் பிடிக்கும் பெண் எந்தச் சான்றைக் காட்டித் தன்னை மீனவர் என்று நிறுவுவார்?

இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. மற்ற ஐந்து இயல்களை விட மனம் வரவில்லை. நீங்களும் தவிப்பீர்கள்; இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

2. எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

“ஐ.நா.வுக்கு அனுப்புகிறேன்” என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. வாசல்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி, ஓர் அளவு, ஒரு காலம் உண்டு. எங்களைப் போன்ற கடலோர, தொழிற்சாலைப் பகுதி ஆய்வுகளுக்குப் பொருந்தக்கூடியவை இவை.

சிறப்பு அறிக்கையாளர்கள்: முதல்முறை அனுப்புபவருக்கு இதுதான் எளிய வாசல். உணவு உரிமை, நச்சுப் பொருட்களும் மனித உரிமையும், சுற்றுச்சூழல், வீட்டு வசதி என்று தலைப்புக்கு ஒருவராக ஐ.நா. மனித உரிமைப் பேரவை நியமித்திருக்கிறது. அறிக்கை எழுதும் முன் பொதுவில் கருத்துக் கேட்கிறார்கள். அந்த அறிவிப்புகளை மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரே பக்கத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அமைப்பு எதுவும் பின்னால் இல்லாமல் தனி ஆய்வாளராகவே அனுப்பலாம். உணவு உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் 2024இல் மீன்பிடித் தொழிலையே தலைப்பாக எடுத்துப் பேரவையில் அறிக்கை வைத்தார். அதைப் படித்தால் அவர்களுக்கு எந்த வகைச் சான்று தேவைப்படுகிறது என்பது பிடிபடும்.

காலமுறை மீளாய்வு: ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையும் சுமார் நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை ஜெனீவாவில் பரிசீலிக்கப்படுகிறது. இந்தியாவின் நான்காவது சுற்று 2022 நவம்பரில் நடந்தது. அமைப்புகள் தனியாக அனுப்பினால் 2,815 சொற்கள், பலர் சேர்ந்து கூட்டாக அனுப்பினால் 5,630 சொற்கள்தான் எல்லை. அமர்வுக்குப் பல மாதங்கள் முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும். முதல்முறை அனுப்புபவர் தனியாக இறங்காமல், ஏற்கெனவே கூட்டு அறிக்கை தயாரிக்கும் குழுவோடு சேர்ந்து ஒரு பத்தி கொடுப்பதே நல்லது.

உணவு வேளாண்மை அமைப்பு: ரோமில் இருக்கிறது. இதன் மீன்வளக் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். 2014இல் அந்தக் குழு ஏற்றுக்கொண்ட சிறு அளவு மீன்பிடிப்புக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகளை மீனவர் ஆய்வு செய்யும் எவரும் படித்தே ஆக வேண்டும், தமிழிலும் கிடைக்கிறது. ஏழாம் பகுதி மீன் பிடித்தபின் நடக்கும் வேலையும் வணிகமும், எட்டாம் பகுதி பாலினச் சமத்துவம், ஒன்பதாம் பகுதி பேரிடரும் காலநிலை மாற்றமும். உங்கள் கண்டுபிடிப்பை இதில் ஒரு பத்தி எண்ணோடு இணைத்துவிட்டால், படிப்பவருக்கு அது உள்ளூர்ச் செய்தியாக மட்டும் தெரியாது. நாடுகள் ஒப்புக்கொண்ட ஒன்று ஒரு கரையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான சான்றாகத் தெரியும்.

ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு): காலநிலை மாற்றம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல, துறை அறிவு உள்ள எவரும் தாமே பதிவு செய்துகொள்ளலாம். ஊதியம் கிடையாது. வரைவு இரகசியம்; மேற்கோள் காட்டவோ பகிரவோ கூடாது. ஆனால் “வங்கக்கடல் கரையைப் பற்றிய இந்த வரியில் இந்த ஆய்வு விடுபட்டிருக்கிறது” என்று பக்க எண், வரி எண்ணோடு எழுதினால், ஆசிரியர்கள் அதற்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். இவ்வளவு உறுதியான பதில் பெறும் உரிமை வேறு எந்த வாசலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உலக வர்த்தக அமைப்பு: மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17 அன்று ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. காசிமேட்டு விசைப்படகின் டீசல் மானியத்தைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் இதைத்தான் முதலில் நினைப்பீர்கள். இங்கே பேசுவது அரசுகள். உங்கள் ஆய்வு டெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

3. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அறிவிப்பு வந்தபின் வேலையைத் தொடங்கினால் போதாது. என் இரண்டாம் முயற்சிக்கு மொத்தம் 14 வாரம் ஆனது: கேள்வியை உறுதி செய்ய 2, ஊரில் ஒப்புதல் பெற 4, தகவல் உரிமைச் சட்ட பதிலுக்காகக் காத்திருக்க 5, எழுதித் திருத்த 3. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். ஆனால் வருமானம் இல்லாத நாட்கள் அவை. நீண்ட நேர்காணலுக்கு அழைப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் விடியற்காலை ஏலம் முடிந்து கூடையை இறக்கி வைத்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரமே போதும்.

4. ஊரின் ஒப்புதலை இரண்டாம் முறை கேளுங்கள்

இதில் அவசரப்பட வேண்டாம். மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ள முடியும். இங்கே செய்யும் தவறின் விலையை வேறொருவர் கொடுப்பார்.

ஆய்வேட்டுக்காக அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆய்வேட்டுக்கு மட்டும்தான். ஜெனீவாவுக்குப் போகும் கருத்துரை பெரும்பாலும் அப்படியே இணையத்தில் வெளியாகும். வெளியிட வேண்டாம் என்றால் அனுப்பும்போதே அதைத் தெளிவாக எழுத வேண்டும். எனக்கு இது தெரியாது. என் முதல் 43 பக்கத்தில் மூன்று பெண்களின் பெயரும் அவர்கள் தெருவின் பெயரும் இருந்தன. அது வெளியாகவில்லை என்பதை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறேன். அவர்களில் ஒருவரின் மகன் அதே பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி.

பெயரை மட்டும் நீக்கினால் போதாது. “முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் 58 வயது விதவை, மூன்று மகள்கள்” என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். வயதை வரம்பாகக் கொடுங்கள், தெருவை விடுங்கள், குடும்ப விவரத்தை மாற்றாமல் குறைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும், தனியாகப் பெண்களிடமும் வாசித்துக் காட்டுங்கள். பஞ்சாயத்தில் ஆண்கள் சம்மதித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நான் வாசித்தபோது ஓர் அக்கா நடுவில் நிறுத்தி, “நாங்கள் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், ‘தொழில் செய்பவர்கள்’ என்று ஓர் இடத்திலும் இல்லையே” என்று கேட்டார். எட்டு இடத்திலும் திருத்தினேன். இறுதி வடிவில் மிக வலுவாக நின்ற பத்தி அந்தத் திருத்தத்தில் பிறந்ததுதான்.

5. ஆவணங்கள்

கையில் இருக்க வேண்டியவை:

உங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழு அளித்த அனுமதிக் கடிதம். குழு இல்லாத கல்லூரி என்றால் நெறியாளரின் கடிதமும் ஒப்புதல் படிவத்தின் மாதிரியும்.

ஆர்சிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண். 16 இலக்கம், இலவசம், பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

தரவின் சுருக்க அட்டவணைக்கு ஒரு நிலையான இணைய அடையாள எண். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும், ஆய்வுத் தரவுகளைச் சேமித்து வைக்கும் செனோடோ தளத்தில் ஏற்றினால் இலவசமாகக் கிடைக்கும். கட்டுரை இதழில் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்களை அடையாளம் காட்டும் மூலத் தரவை ஏற்றிவிடாதீர்கள்.

அரசின் சொந்த எண்கள். நீங்கள் சேகரித்த 80 குடும்பக் கணக்கின் அருகில் அரசுப் பதிவேட்டின் எண் இருந்தால் யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து “கேட்ட வடிவில் தகவல் இல்லை” என்று வந்தது. காரணம் என் கேள்விதான். “பாதிப்பு விவரம் தருக” என்று கேட்டிருந்தேன். “இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே தயாரிக்கப்பட்ட பயனாளிப் பட்டியலில் உள்ளோர் எண்ணிக்கை, கிராமவாரியாக” என்று மாற்றிக் கேட்டவுடன் வந்தது. பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள்.

செலவு: எனக்கு ஆனது ஏறக்குறைய 6,000 ரூபாய். அதில் பெரும்பகுதி ஆங்கில நடையைத் திருத்திக் கொடுத்தவருக்கு. மற்றது அச்சு, நகல், பயணம். சிறப்பு அறிக்கையாளருக்கோ மீளாய்வுக்கோ கருத்து அனுப்ப ஐ.நா. ஒரு காசும் வாங்குவதில்லை. “உங்கள் ஆய்வை ஐ.நா.வில் சமர்ப்பிக்கிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு” என்று வரும் மின்னஞ்சல் எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்படி ஒரு மாநாட்டுக்குக் கட்டிய பணம் திரும்பவே இல்லை.

6. எழுதும் முறை

தமிழ் ஐ.நா.வின் அலுவல் மொழிகளில் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதல் வரைவைத் தமிழில் எழுதிவிட்டு மொழிமாற்றுவது எனக்கு உதவியது. சிந்தனை தெளிவாக நின்றது.

முதல் பத்தியிலேயே கண்டுபிடிப்பைச் சொல்லுங்கள். பத்திகளுக்கு எண் இடுங்கள். அறிக்கை எழுதுபவருக்கு மேற்கோள் காட்ட எளிது. கோட்பாட்டுப் பகுதியை நீக்குங்கள். முறையியலுக்கு நான்கு வரி போதும்: எத்தனை பேர், எங்கே, எந்த மாதங்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள். ஆய்வின் குறையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நாமே சொன்னால் மற்றதையும் நம்புவார்கள்.

“ஒரு கூடை”, “மீன்பாடு இல்லாத நாள்” என்பவை நமக்குப் புரியும். ஜெனீவாவில் படிப்பவருக்குக் கூடை என்பது எத்தனை கிலோ என்று தெரியாது. ஒரே வாரத்தில் பத்துக் கூடையை எடைபோட்டுச் சராசரியைக் கொடுங்கள். ஆனால் சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தொழிலுக்கு அவர்கள் வைத்த பெயர் அறிக்கையில் ஒருமுறையாவது வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பரிந்துரை மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பாளரை நோக்கி இருக்கட்டும். “அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்பதை யாரும் செய்ய முடியாது. “கசிவுக்குப் பிந்தைய பயனாளிப் பட்டியலில் படகுப் பதிவைத் தவிர, ஊர்ப் பஞ்சாயத்தும் பெண்கள் குழுவும் சேர்ந்து தரும் சான்றையும் மாநில மீன்வளத் துறை ஏற்க வேண்டும்” என்று எழுதினால் செய்ய முடியும்.

7. அனுப்பும் நாள்

ஜெனீவா நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அவர்கள் மாலை 6 என்றால் நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. இருந்தாலும் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வேர்ட் கோப்பு கேட்டால் வேர்ட் கோப்பு; ஸ்கேன் செய்த பக்கம் வேண்டாம். மின்னஞ்சல் தலைப்பில் அவர்கள் சொன்ன சொற்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுங்கள்.

8. டெல்லியையும் சென்னையையும் தாண்டிப் போகாதீர்கள்

வெளிநாட்டுக்கு அனுப்புவதே பெரிய காரியம் என்று எண்ணி, உள்ளூர் மேசைகளை நான் விட்டுவிட்டேன். சர்வதேசக் கூட்டத்தில் இந்தியாவின் சார்பில் பேசப்போகும் அதிகாரிக்குத் தயாரிக்கப்படும் குறிப்பு டெல்லியில் எழுதப்படுகிறது. மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் மூன்றுக்கும் சேர்த்து 2019இல் தனி அமைச்சகம் வந்துவிட்டது; வர்த்தகப் பேச்சுவார்த்தை வணிக அமைச்சகத்திடம் இருக்கிறது. நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் ஒரு பொருளை ஆராயும்போது பொதுமக்களிடமிருந்து மனுக்களைக் கேட்டு விளம்பரம் கொடுக்கும். அங்கே தமிழகத்தின் கடலோரத்திலிருந்து ஒரு கல்லூரி ஆய்வாளர் அனுப்பும் நான்கு பக்கம் தனித்துத் தெரியும்.

நம் ஊரிலேயே இருப்பவர்களையும் பாருங்கள். வங்காள விரிகுடா திட்ட அரசுகளுக்கிடையிலான அமைப்பு சென்னையில்தான் இயங்குகிறது. இந்தியா, வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு உறுப்பினர்கள். மீன் தொழிலாளர்களுக்கு ஆதரவான சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றின் அலுவலகமும் ஆவண மையமும் சென்னையில் இருக்கின்றன. ராயபுரத்தில் மீன்வள அளவாய்வு, பயிற்சி நிறுவனங்களின் கிளைகள் இருக்கின்றன. போகும்போது ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பும், “இந்தக் கேள்விக்கு உங்களிடம் என்ன தரவு இருக்கிறது?” என்ற ஒரு கேள்வியும் போதும். எதையும் கேட்காமல் கொடுக்க மட்டும் போனால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றைக் கேட்டால் உட்காரச் சொல்வார்கள்.

9. நேரில் போக அழைப்பு வந்தால்

முதலில் இணைய வழியில் பேச முடியுமா என்று கேளுங்கள். பல கூட்டங்களில் முடியும். போகத்தான் வேண்டும் என்றால்:

பாஸ்போர்ட் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய்; தத்கால் என்றால் கூடுதலாக 2,000. சுவிட்சர்லாந்து, இத்தாலி இரண்டுக்கும் ஷெங்கன் விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள்; ஆனால் நேர ஒதுக்கீடு கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வெளிநாட்டு அமைப்பு உங்கள் டிக்கெட்டையோ தங்கும் செலவையோ ஏற்றால் அது அயல்நாட்டு விருந்தோம்பல் ஆகும். அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ் அரசு ஊழியர்கள் மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி பெற வேண்டும். எஃப்.சி.-2 படிவம், இணைய வழி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது. இதைத் தவிர துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கோப்பு நகரும் வேகத்தைக் கணக்கில் வைத்து, அழைப்பு வந்த நாளிலேயே தொடங்குங்கள்.

10. அனுப்பிய பிறகு

கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில் வரலாம், வராமலும் இருக்கலாம். சிறப்பு அறிக்கையாளர்களின் அறிக்கைகள் பெரும்பாலும் மனித உரிமைப் பேரவையின் மார்ச், ஜூன், செப்டம்பர் அமர்வுகளிலோ, நியூயார்க் பொதுச்சபையில் அக்டோபர் வாக்கிலோ வைக்கப்படும். அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறிக்கை வந்ததும் அடிக்குறிப்புகளைத் தேடுங்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் உங்கள் கேள்வி எங்காவது ஒரு பரிந்துரையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு மாநிலத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பிறகு அந்தப் பத்தியைத் தமிழில் பெயர்த்து ஊருக்கு எடுத்துப் போங்கள். நான் போனபோது வெயில் ஏறியிருந்தது. ஆலமரத்தடியில் வாசித்தேன். முன்பு என்னைத் திருத்திய அக்கா, தாளை வாங்கி மடித்துத் தன் ரேஷன் அட்டை உறையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை அதிகாரி கணக்கெடுக்க வரும்போது காட்டப்போவதாகச் சொன்னார். அவருக்காக இன்னும் இரண்டு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நனையாதபடி.